எச்சில் படாத டிப்

ஸ்நூக்கர் கம்பின் நுனிக்குத் தோல் ஒட்டுகிறவனுக்கு நல்ல பெயர் கிடைக்க வழியே கிடையாது: பந்து குழியில் விழுந்தால் ஆடினவர் கெட்டிக்காரர், விழாவிட்டால் தோல் சரியில்லை. தையல்காரர், பல் கட்டுகிறவர், மூக்குக்கண்ணாடி மாட்டித் தருகிறவர் என்று, அடுத்தவர் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் சாமானைச் செய்து கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும் எல்லோருக்கும் இது புரியும். நீங்கள் எல்லாம் என் கட்சி. உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

திருவனந்தபுரத்தில், கரமனை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் மூன்று மேஜை போட்ட ஸ்நூக்கர் ஹாலில் எனக்கு வேலை. ஊர் தமிழ்நாட்டு எல்லையில், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். பெயர் ஜெபராஜ். ஆடுகிற கம்பைக் கியூ என்பார்கள். அதன் நுனியில் ஒரு பித்தளை வளையம், வளையத்தின் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தோல். அதுதான் டிப். கியூ எவ்வளவு உயர்ந்த சாதியாக இருந்தாலும் பந்தைத் தொடுவது அந்தப் பொத்தான் மட்டும்தான். அதை ஒட்டுவது, சீவுவது, காப்பாற்றுவது என் பொறுப்பு. ஹாலைப் பார்த்துக்கொள்பவர் சுனில். மலையாளி, நல்ல மனுஷன், ஆனால் ஹாலில் எது கெட்டாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

தரையில் குத்துகிறவர்கள்

டிப்பைக் கெடுக்க மனிதர்கள் கண்டுபிடித்திருக்கும் வழிகளைப் பார்த்தால் தலை சுற்றும். ஆடுமுன் டிப்பில் நீலச் சாக் பூச வேண்டும், சரி. நகத்துக்குச் சாயம் பூசுவதுபோல் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். நம்மாட்களோ சாக்கட்டியை டிப்பின் மேல் கவிழ்த்து மாவரைப்பது போல் சுற்றுவார்கள். சிலர் ஃபேன் சுவிட்சைக் கியூவால் தட்டுவார்கள். எல்லாவற்றிலும் கொடுமை, தன் முறை வரும்வரை கியூவைத் தலைகீழாகப் பிடித்துச் சிமென்ட் தரையில் டொக் டொக்கென்று குத்திக்கொண்டு நிற்பது. தோல் பிதுங்கி ஓரம் கிழியும். அடுத்த அடியில் பந்து வழுக்கும். உடனே என்னிடம் வந்து, "இது எந்தக் காலத்து டிப்பு?" என்று கேட்பார்கள்.

ஒரு நாள் காலையில் ஒட்டிய டிப் பதினோரு மணிக்குள் பிளந்துவிட்டது. யார் செய்தது என்று கேட்டேன். மூன்று மேஜையும் ஊமை. சுவரோரப் பெஞ்சில் நீலகண்டன் சார் உட்கார்ந்திருந்தார். கரமனை அக்கிரகாரத்துக்காரர். அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, டிக்கெட் பரிசோதகராக ஓய்வு பெற்றவர். மகள் அபர்ணா தினமும் பயிற்சிக்கு வருவாள். அவள் எடுக்கும் புள்ளிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். பக்கம் புரட்டும்போது அவர் கட்டைவிரல் உதடு வரைக்கும் போய், எதையோ நினைத்துக்கொண்டது போல் திரும்பிவிடும். அன்று தலையைத் திருப்பாமலே என்னைச் சைகையால் கூப்பிட்டார். "மூணாம் மேஜை, கட்டம் போட்ட சட்டை. ரெண்டு தடவை தரையில குத்தினான், ஒரு தடவை ஷூ மேல. டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியப் பார்த்தே பிடிச்சவனாக்கும் நான்."

மடியில் வந்த கியூ

அப்பாவும் மகளும் டவுன் பஸ்ஸில்தான் வருவார்கள். கியூப் பெட்டி அவர் மடியில் இருக்கும். பள்ளம் வரும்போது பெட்டியை மட்டும் இரண்டு அங்குலம் தூக்கிப் பிடிப்பாராம். அபர்ணா சொல்லிச் சிரிப்பாள். கியூவைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரில் போட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று மற்றவர்களிடம் நான் நூறு தடவை சொல்வதை அவர் ஒரு தடவைகூடச் சொல்ல வைத்ததில்லை. நான் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே வாடிக்கையாளர். அதனால் எனக்கு அவரிடம் ஒரு தனி மரியாதை. அவர் தண்ணீர் குடிப்பதைக்கூட ரசித்துப் பார்த்திருக்கிறேன். பாட்டிலை உதட்டில் படாமல் ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்து ஊற்றுவார். ஒரு சொட்டு சட்டையில் விழாது.

அபர்ணாவுக்கு இருபத்தெட்டு வயது முடியப் போகிறது. மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வேலைக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. முன்பு இரண்டு தடவை கடைசிப் படியில் வழுக்கியிருக்கிறாள். இந்தத் தடவை அணியில் மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே இடத்துக்கு அவளும் கொச்சியிலிருந்து ஒரு பெண்ணும் மோத வேண்டும். ஆட்டம் எங்கள் ஹாலில்தான் என்று தகவல் வந்த அன்று, அபர்ணா கியூவை என் கையில் கொடுத்தாள். "அண்ணா, இந்த வருஷம் போச்சுன்னா அப்புறம் எனக்கு வயசே இல்லை. தோத்தா நானாத் தோக்கணும், டிப்பு என்னைச் சதிக்கப்படாது, கேட்டேளா."

முதுகைத் திருப்பிச் செய்கிற வேலை

புது டிப்பை ஒட்டியவுடன் ஆட முடியாது. புதுச் செருப்பு மாதிரி, கொஞ்ச நாள் கடித்துவிட்டுத்தான் வழிக்கு வரும். அதனால் பத்து நாள் முன்பே பழசைச் சீவி எடுத்தேன். பித்தளைமேல் காய்ந்திருந்த பசையைச் சுரண்டி, புதுத் தோலின் அடியை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, ஒரு சொட்டுப் பசை வைத்து அழுத்தினேன். துருத்திய ஓரத்தைப் பிளேடால் இழைத்தேன். தலையை ஒரு ரூபாய் நாணயத்தின் வளைவுக்கு உருட்டினேன். கடைசியாக ஒரு வேலை உண்டு. டிப்பின் பக்கவாட்டை ஈரமாக்கி, ஒரு தோல் துண்டை வைத்துச் சூடு ஏறும்வரை தேய்க்க வேண்டும். பக்கம் இறுகிப் பளபளக்கும். அடி விழுந்தாலும் சுலபத்தில் பிதுங்காது. அந்த ஈரத்துக்கு எச்சில்தான். தண்ணீர் தோலுக்குள் இறங்கிவிடும், எச்சில் மேலோடு நிற்கும். இது விஞ்ஞானமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த டிப் ஒட்டிகள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், முதுகைத் திருப்பிக்கொண்டு.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை, அபர்ணா பயிற்சியை முடித்ததும் டிப்பைப் பார்த்தேன். ஓரம் துளி பிதுங்கியிருந்தது. எதிர்பார்த்ததுதான். அதை இழைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, விரலை நாக்கில் வைத்து எடுத்து டிப்பில் தடவினேன். இரண்டாவது தடவையும் தடவினேன். மூன்றாவது தடவை விரல் வாயில் இருக்கும்போது ஜன்னல் கண்ணாடியில் நீலகண்டன் சாரின் முகம் தெரிந்தது. எனக்கு ஒரு முழம் பின்னால் நின்றுகொண்டிருந்தார். விரலை வெளியே எடுப்பதா, அப்படியே வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றேன். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பஸ்ஸில் ஆளைப் பிடித்த குரலில், மெதுவாகக் கேட்டார். "எத்தனை நாளா இது நடக்கறது?"

யார் எச்சில்

அன்று மத்தியானம் சாப்பிடும்போது சுனிலிடம் சொன்னேன். "எடோ, நீ பல்லு தேச்சிட்டல்லே வந்தே? பின்ன எந்தா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைக் குடைந்தது வேறு. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். அவர் நெற்றி நிறைய விபூதியோடு வருகிறவர். அவர் முகம் சுளித்தது எச்சிலுக்கா, என் எச்சிலுக்கா? இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு எந்த வேலையும் ஓடாது என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் அவர் கிளம்பும்போது மாடிப்படியில் மறித்தேன். "சார், ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடப்படாது. எச்சிலுதான் உங்களுக்குப் பிடிக்கலியா, இல்ல எனக்க எச்சிலா?" அவர் இரண்டு படி கீழே நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவானாலும் சரி, இனி அபர்ணாவின் டிப்பில் எச்சில் வைக்க மாட்டேன் என்று நானே வாக்குக் கொடுத்தேன். சூடாகத்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன பதிலை நான் பாதிதான் நம்பினேன். "இவ அம்மா குடிச்ச டம்ளர்ல இத்தனை வருஷத்துல நான் ஒரு வாய் காப்பி குடிச்சதில்லை, ஜெபராஜ். எச்சில்னா எச்சில்தான். அதுல ஆளைப் பார்க்கறதில்லை."

செம்பில் நின்றது

மறுநாள் ஆட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு. காலை பத்துக்கெல்லாம் இருவரும் வந்துவிட்டார்கள். அபர்ணா பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். டிப், ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி வெளுத்திருந்தது. மெல்லிய தோல்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த டிப் அது; அடுக்கெல்லாம் வாய் பிளந்திருந்தன. நான் விரலால் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. பித்தளைக்குள் இருந்த மரமும் சில்லென்று இருந்தது.

"என்ன செய்தீங்க சார்?" என்று கேட்டேன். ஏன் அவரைக் கேட்டேன் என்றால், அங்கே இருந்தவர்களில் அவர் முகம் ஒன்றுதான் திருப்தியாக இருந்தது. "ஒண்ணும் பண்ணலை. செம்புத் தண்ணியில மஞ்சள் பொடி போட்டு, நுனி முங்கற மாதிரி நிறுத்தி வச்சேன், என் ஜபம் முடியறவரைக்கும். அப்புறம் துடைச்சு முற்றத்து வெயில்ல காட்டினேன். நல்ல காரியத்துக்குப் போறது சுத்தமா இருக்கட்டுமேன்னு..." பேசிக்கொண்டே வந்தவர் என் உள்ளங்கையில் கிடந்த தோலைப் பார்த்தார். முகம் மாறிற்று. பள்ளத்துக்குப் பள்ளம் மடியில் தூக்கிப் பிடித்துக் காப்பாற்றியவர் இதைச் செய்திருக்கிறார். ஆசையோடு செய்திருக்கிறார். அது தெரிந்தும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "செருப்பைக்கூட யாரும் ஊறப்போட மாட்டாங்க சார்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். சுனில் "ஐயோ, பணி பாளியல்லோ, எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அபர்ணா பெட்டியை மூடிவிட்டுச் சொன்னாள். "அப்பா, நீங்க கொஞ்சம் கீழே போய் நில்லுங்கோ."

வீம்பு

நாலு மணி நேரம் இருந்தது. ஈர மரத்தில் பசை பிடிக்காது. அவசரப்பட்டுச் சூடு காட்டினால் மரம் வெடிக்கும். கியூவை மேஜைமேல் உருட்டிப் பார்த்தேன். வெயிலில் காய்ந்தும் வளையவில்லை, அந்த மட்டில் பிழைத்தோம். நுனியைப் பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி, ஃபேனுக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் மேஜையில் கொச்சிப் பெண் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அவள் டிப் பந்தைத் தொடும் சத்தம் சுத்தமாக, அளவாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அபர்ணா கண்ணை மூடித் திறந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டரைக்கு மரம் காய்ந்தது. என் சொந்தக் கியூவுக்கென்று ஒரு டிப்பைப் பட்டறை வைஸில் இரண்டு மாதமாக இறுக்கி வைத்திருந்தேன். தினமும் கால் சுற்று. அப்படி அழுந்திய தோல்தான் ஒட்டின அன்றே ஆட்டத்துக்குத் தாங்கும். அதை எடுத்து ஒட்டினேன். இழைத்தேன். உருட்டினேன். கடைசி வேலை மட்டும் பாக்கி. தோல் துண்டைக் கையில் எடுத்ததும் விரல் தானாக வாய்க்குப் போயிற்று. இறக்கிவிட்டேன். ஈரமில்லாமலே வறட்டு வறட்டென்று நாலு தேய்ப்புத் தேய்த்தேன். "ஆச்சா அண்ணா?" என்றாள் அபர்ணா. "ஆச்சு" என்றேன். ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது வீம்பு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சுனில் என் காதருகே வந்தார். "ஜெபராஜே, நீ அந்த ஈரம் வைக்க மறந்நு போயோ, இல்ல வேணும்னே விட்டியோ?"

பத்து நிமிஷம்

ஃப்ரேம் என்றால் ஒரு சுற்று ஆட்டம்; ஐந்து ஃப்ரேமில் மூன்று எடுத்தவர் ஜெயித்தவர். அபர்ணா முதலாவதை எடுத்தாள். அடுத்த இரண்டையும் விட்டாள். நாலாவதைத் தட்டுத் தடுமாறி எடுத்தாள். அதன் கடைசி அடியில் டிப் கிறீச்சிட்டது. ஹால் முழுக்கக் கேட்டது. கியூவை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு பக்கம் தோல் பித்தளையைத் தாண்டி, காளான் குடை மாதிரி பிதுங்கி நின்றது. நான் ஈரம் வைத்து இறுக்காமல் விட்டதன் பலன். நடுவர் பத்து நிமிஷம் கொடுத்தார்.

பிளேடை எடுத்தேன். எப்படியோ இழைத்தேன். வாக்காவது ஒன்றாவது என்று விரலை நாக்கில் வைத்தேன். நாக்கு காய்ந்த ஓலையாக இருந்தது. பயத்தில் வாயில் ஒரு பொட்டு ஈரமில்லை. அபர்ணாவைப் பார்த்தேன், அவள் உதடும் வெடித்திருந்தது. சுனில் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "தண்ணி வேண்டாம்" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. காலையிலிருந்து பெயின்ட் கடைத் தகரத்துக்கு அடியில் நின்றுகொண்டிருந்த நீலகண்டன் சார், பாதி வேட்டி நனைந்து, மேலே வந்தார். கீழே நின்றவருக்கு சுனில்தான் அவ்வப்போது ஜன்னல் வழியாக ஆட்ட நிலவரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சார் டிப்பைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் வைத்து எடுத்து டிப்பைச் சுற்றித் தடவினார். மறுபடியும் வைத்தார், மறுபடியும் தடவினார். கூசிக்கொண்டு செய்யவில்லை, கை பழகிய வேலை மாதிரி சரக் சரக்கென்று செய்தார். நான் தோல் துண்டால் தேய்த்தேன். சூடு ஏறிற்று. பக்கம் இறுகிப் பளபளத்தது. அபர்ணா டிப்பைப் பார்க்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது ஃப்ரேம் பார்க்க அழகாக இல்லை. இரண்டு பேருமே பயந்து பயந்து ஆடினார்கள். ஆனால் டிப் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. அபர்ணா இளஞ்சிவப்புப் பந்தைக் குழியில் தள்ளியபோது, கடைசிப் பந்தான கருப்பு தேவையில்லாமலே ஜெயித்துவிட்டாள். அபர்ணா நாற்காலியில் உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. பெருமையினால் இல்லை, என் வீம்பு ஒரு பெண்ணின் வேலையைத் தின்னாமல் போயிற்றே என்றுதான். சாரிடம் என் தப்பைச் சொன்னேன். அவர் தன் தப்பைச் சொன்னார். பிறகு, அந்தக் கட்டைவிரல் வித்தையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். மகள் கேட்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கண்டக்டரா இருந்தப்போ டிக்கெட் கட்டைப் பின்னே எப்படிப் புரட்டறதாம்? இந்த ஊர் பாதி என் எச்சில் டிக்கெட்லதான் பிரயாணம் பண்ணியிருக்கு, ஒருத்தரும் முகம் சுளிச்சதில்லை. கையலம்பிண்டுதான் ஆத்துப் படி ஏறுவேன். இவ அம்மாவுக்கு இன்னி வரைக்கும் தெரியாது, நீயும் சொல்லிடாதே."

அடுத்த வாரம் அவர் பழவங்காடியில் வாங்கி வந்து கொடுத்த, விரல் நனைக்கிற ஸ்பாஞ்சுக் கிண்ணம் இப்போது என் மேஜைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்கிறது, ஜன்னல் பக்கம் திரும்பிச் செய்கிற வேலையை மட்டும் நான் இன்னும் ஜன்னல் பக்கம் திரும்பித்தான் செய்கிறேன்.